பாலம் இறங்கும் முனை

வீடியோ மீட்டிங்ல ஒருத்தர் பேசும்போது மத்தவங்க தலையாட்டிக்கிட்டே இருப்பாங்க பாருங்க, எனக்கு அதுதான் சார் பிடிக்காது. பேசறவர் என்ன சொன்னாலும் தலை ஆடும். உங்க வேலையிலயும் மீட்டிங் உண்டு, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

கேஸ் முடிஞ்சுபோச்சே, இப்ப எதுக்கு வந்தீங்கன்னு கேட்டீங்க. சொல்றேன். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. ஆனா இன்னிக்கு நான் கோவத்துல பேசல.

எங்க சைக்கிள் சங்கம் சின்னது. பல நாட்டுச் சைக்கிள் சங்கங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்புல நாங்களும் இருக்கோம். மாசாமாசம் மீட்டிங். ஒருத்தர் அப்பதான் எழுந்து பல்லு விளக்கியிருப்பார், இன்னொருத்தர் கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பார். நான் ஒவ்வொரு தடவையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுவேன். பாலம் இறங்குற முனை. நீங்களும் அந்த வழியாத்தான் ஸ்டேஷனுக்கு வருவீங்க. சிமெண்ட் கிடங்கு லாரிங்க பாலத்துலேருந்து இறங்கற வேகத்துலயே திரும்பும். நேரா போற சைக்கிள் அதுங்க கண்ணுல படாது. என் மனைவி மருந்துக்கடையில வேலை பாக்கறா. தினமும் அந்த முனையைத் தாண்டித்தான் சைக்கிள்ல போகணும், வரணும். அவ வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நடுவுல ஒரு தடுப்புச் சுவர், ஒரு சிக்னல், அவ்வளவுதான் நாங்க கேட்டது.

மாநகராட்சி இன்ஜினியர் தன்மையான மனுஷன். போனா உக்காரச் சொல்லுவார். "அங்க பெரிசா விபத்து எதுவும் நடக்கலையே"ம்பார். வருஷக்கணக்கா அதே நாற்காலி, அதே பதில். நடையா நடந்தேன்னு சொல்லிக்கக்கூட முடியாது, நான் சைக்கிள்லதான் போவேன்.

அப்புறம் விபத்தும் நடந்துது. ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை செய்யற அம்மா ஒருத்தங்க. அதே முனை, கிடங்கு லாரி. எங்க கூட்டமைப்புல ஒரு வழக்கம் உண்டு. சைக்கிள்ல போனவங்க செத்த இடத்துல, ஒரு பழைய சைக்கிளுக்கு முழுசா வெள்ளை அடிச்சு, கம்பத்துல கட்டி வைப்போம். டயர், செயின், சீட்டு, எல்லாமே வெள்ளை. நானே உக்காந்து அடிச்சேன். அந்த வாரமே குப்பை வண்டி வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. இன்ஜினியர்கிட்ட போனா, "அந்தம்மா ஓரமா வரலையே"ங்கறார். பேப்பர்ல ஒரு வரி வரல. கூட்டமைப்பு மீட்டிங்ல மௌன அஞ்சலி செலுத்தினாங்க. யாரோ மைக்கை அணைக்க மறந்துட்டாங்க, மௌனம் முடியற வரைக்கும் மிக்ஸி ஓடிக்கிட்டே இருந்துது. எனக்கு வயிறு எரிஞ்சுது சார். ஒரு உயிர் போயும் அந்த முனையில ஒரு செங்கல் நகரல.

அந்தச் சமயத்துலதான் வெளிநாட்டுலேருந்து தபாலக்கா வந்தாங்க, தமிழ்க்காரங்கதான். கூட்டமைப்புல ஒரு நாட்டுக்காரங்க இன்னொரு நாட்டுக்குப் போய், அங்க இருக்கறவங்க வீட்லயே தங்கி, கூடச் சேர்ந்து ஓட்டுவாங்க. அக்கா வேலையில இருந்த காலம் பூரா சைக்கிள்ல போய்த் தபால் குடுத்தவங்க. அதான் அந்தப் பேரு. வந்த அன்னிக்கே என் மனைவியோட சைக்கிளைத் தலைகீழாக் கவுத்து, பிரேக்கை இறுக்கிக் குடுத்தாங்க. "இத்தனை வருஷமா இவரு என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தாரு, மீட்டிங் போட்டுக்கிட்டா?"ன்னு என்னைக் கிண்டல் வேற. ரெண்டு பேரும் சமையலறையில சிரிக்கற சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும். எனக்கும் அவங்களை ரொம்பப் பிடிச்சிருந்துது. அதையும் எழுதிக்குங்க.

சாப்பிடும்போது அவங்ககிட்டப் புலம்பினேன். அவங்கதான் சொன்னாங்க. "எங்க ஊர்லயும் இதே கதைதான் தம்பி. உள்ளூர்க்காரங்க செத்தப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. வெளிநாட்டுலேருந்து படிக்க வந்த பொண்ணு ஒண்ணு அடிபட்டுச் செத்துச்சு. தூதரகம் கேள்வி கேட்டுச்சு, டிவிக்காரங்க வந்தாங்க. உடனே ரோட்டை வெட்டி சைக்கிளுக்குத் தனி வழி விட்டுட்டாங்க. கேவலமா இல்ல?"

கேவலம்தான்க்கான்னு சொல்லிட்டுக் கை கழுவப் போனேன். ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.

ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் வரிசையாக் கிளம்பினோம். கூட்டமாப் போகும்போது எங்களுக்கு ஒரு முறை இருக்கு. முனை வந்தா ஒருத்தர் முன்னாடி போய், சைக்கிளைக் குறுக்க நிறுத்தி, வண்டி வருதான்னு பாப்பார். முனைக்காரர்னு சொல்லுவோம். அவர் கையை நீட்டினா நிக்கணும், உள்பக்கமா வீசினா வரணும். மத்தவங்க யாரும் ரோட்டைப் பாக்கவே கூடாது, அவர் கையை மட்டும்தான் பாக்கணும். ஆளாளுக்குத் தலையைத் திருப்பினா வரிசை உடைஞ்சு ஒருத்தர்மேல ஒருத்தர் விழுவோம். இதை எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அக்கா சங்கம்தான். அவங்க அதுல ரொம்பக் கறார்.

அன்னிக்கு நான்தான் முனைக்காரர். விருந்தாளிதான் முதல்ல போகணும்னு சொன்னதும் நான்தான். என் மனைவியைக் கடைசியில வரச் சொன்னேன், கேக்கல. அக்கா பின்னாடியேதான் வருவேன்னு அடம் பிடிச்சா.

முதல்ல காலி லாரி ஒண்ணு மெதுவா இறங்கிச்சு. கையை நீட்டி எல்லாரையும் நிறுத்தி வச்சேன். அடுத்தது லோடு லாரி. அது வர்ற வேகத்தைப் பாத்துட்டு, கையை உள்பக்கமா வீசினேன். அக்கா என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே மிதிச்சாங்க. லாரிக்காரர் ஹாரன் அடிச்சார், பாவம். அக்கா தலையைத் திருப்பல. என் மனைவிக்கு மட்டும் இன்னொரு கையை நீட்டினேன். அவ பிரேக் நல்லாப் பிடிச்சுது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். முனையில இருந்த கேமராவைப் பாத்துட்டு, "பதட்டத்துல கை தவறிடுச்சு, இல்லையா?"ன்னு நீங்களே கேட்டு, நீங்களே எழுதி, என் தோள்ல தட்டிக் குடுத்து அனுப்பினீங்க. நான் மறுத்துப் பேசல. தடுப்புச் சுவரும் சிக்னலும் வரட்டும்னு காத்திருந்தேன்.

தூதரகம் கேட்டுச்சு. டிவியும் வந்துது. ஆனா எல்லாரும் கேட்டது, கை காமிச்சது யாருன்னுதான். ஒருத்தராவது பாலத்தை நிமிர்ந்து பாக்கணுமே. இன்ஜினியர் என்னை உக்கார வச்சு, "இது ரோட்டுப் பிரச்சினை இல்லையே, மனுஷத் தவறுதானே, விடுங்க"ன்னு எனக்கே ஆறுதல் சொல்றார். கூட்டமைப்புல என்ன பண்ணாங்க தெரியுமா? எல்லா நாட்டுக்கும் பொதுவா கை சைகை வகுக்க ஒரு குழு போட்டாங்க. பட்டவருக்குத்தான் தெரியும்னு என்னையே தலைவராக்கிட்டாங்க. நான் பாலம்னு வாயைத் திறந்தா, "உங்களை நீங்களே தண்டிச்சுக்காதீங்க"ங்கறாங்க. எல்லாத் தலையும் ஆடுது. அக்காவுக்கு வச்ச வெள்ளை சைக்கிளைக் குப்பை வண்டி தொடல. இத்தனைக்கும் கிடைச்ச முன்னேற்றம் அது ஒண்ணுதான்.

வீட்ல மட்டும்தான் ஆறுதல் கிடையாது. "நீங்க லாரியைப் பாத்தீங்க"ன்னா என் மனைவி. அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இப்ப பஸ்ல வேலைக்குப் போறா. யாருக்காக நான் இவ்வளவும் பண்ணேன், நீங்களே சொல்லுங்க. மனசே விட்டுப்போச்சு சார்.

போன வாரம் இன்ஜினியர் எங்க கோரிக்கையைத் தள்ளுபடி பண்ணிட்டார். முனையில குறையில்லையாம், கை காட்டினவரோட கவனக்குறைவாம். அதைத் திருத்தத்தான் வந்தேன். எனக்குக் கை தவறல. லாரியோட வேகத்தையும், அக்கா எங்க வந்து மாட்டுவாங்கங்கறதையும் பாத்துத்தான் வரச் சொன்னேன். சாகணும்னுதான் வரச் சொன்னேன். அதுல கவனக்குறைவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இதை அப்படியே இன்ஜினியருக்கு அனுப்பிடுங்க சார், தப்பு ரோட்டு மேலதான்னு இப்பவாவது அவருக்குப் புரியும்.