சீவிய குன்று

டீ நல்லா இருக்கு சார். எங்க ஆபீஸ் டீ கழனித்தண்ணி மாதிரி இருக்கும். யாரும் கூப்பிடாம ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன்னு கேட்டீங்க. முதல்லேர்ந்தே சொல்லிடறேன்.

கடலோரக் குன்று மேல காத்து எப்படிப் போகும்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கறது என் வேலை. காத்தாலை எங்க நடலாம்னு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. எனக்கு மேலதிகாரி என் மச்சான், வீட்டுக்காரியோட அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தது அவர். குடியிருந்தது அவர் வீட்டு மாடி. ஆபீசுக்குப் போறதும் வர்றதும் அவர் கார்ல. தங்கமான மனுஷன்னு யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கஷ்டமே அதுதான்.

வேற ஊர்ல எனக்குப் பல தடவை வேலை கிடைச்சது. ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டே, "எங்க மாப்ள போகப் போற? இங்க என்ன குறை?"ன்னு கேட்பார். சொல்ற மாதிரி ஒரு குறையும் இருக்காது. வீட்டுக்காரி, அண்ணன் மனசை நோகடிக்காதீங்கன்னு அழுவா. நானே ஃபோன் பண்ணி வரலைன்னு சொல்லிடுவேன். மூச்சு முட்டும் சார், நெஜமாவே. டாக்டர் நுரையீரல் நல்லா இருக்குன்னார்.

செங்குத்தான பாறை வந்தா எங்க கணக்கு உதைக்கும். நம்பர் தாறுமாறா ஏறி ஓட்டமே நின்னுடும். "விளிம்பைக் கொஞ்சம் சீவி விடு மாப்ள, யார் போய்ப் பாக்கப் போறா"ன்னார் மச்சான். சீவிச் சரிவாக்கினேன். கடல்காத்து ஒரே சீரா மேல ஏறிப் போச்சு.

சும்மா இருக்க முடியாம, சீவாத குன்றையும் தனியா ஓட்டிப் பாத்தேன். காத்து பாறையில முட்டி மேல எகிறி, விளிம்புக்கிட்ட உள்பக்கமா மடங்கி வருது. அங்க நிக்கற ஆள், காத்து நெஞ்சுல அடிக்கும்னு முன்னால சாஞ்சு நிப்பான். அது முதுகுல அடிக்கும், கடலைப் பாத்து.

காத்து அளக்கற கம்பத்துக்கு இடம் பாக்க மச்சான் என்னையும் கூட்டிக்கிட்டு அந்தக் குன்றுக்குக் கிளம்பினார். காத்து பலமா இருந்த நாள். எங்க நிக்கலாம்னு கேட்டார். சீவின குன்றோட படத்துல விளிம்பை ஒட்டி ஒரு இடத்தைக் காமிச்சேன். அது அவர் சீவச் சொன்ன குன்றுதானே. நான் கார்லயே உக்காந்திருந்தேன். சத்தம் எதுவும் கேக்கலை.

அவர் விழுந்ததை விபத்துன்னு நீங்களே எழுதிட்டீங்க. எல்லாம் அடங்கினதும், இப்பவாவது வேற ஊருக்குப் போலாமான்னு வீட்டுக்காரிகிட்ட கேட்டேன். "அண்ணியையும் பசங்களையும் விட்டுட்டா? இனி அவங்களுக்கு எல்லாமே நீங்கதானே"ன்னா. நியாயமான பேச்சுதான்.

அண்ணன் கடைசியா நின்ன இடத்தைப் பாக்கணும்னு வீட்டுக்காரி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தா. இன்னிக்குக் காத்து பலமா இருக்கு. எங்க நிக்கணும்னு சொல்லி, காலையில அவளை ஒரு வாடகைக் கார்ல ஏத்தி அனுப்பிட்டு நேரா இங்க வந்தேன். பதறி எழுந்திரிக்காதீங்க சார், இந்நேரம் முடிஞ்சிருக்கும். கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் சொல்லுங்க. திங்கக்கிழமை புது ஊர்ல வேலைக்குச் சேரணும். இந்தத் தடவை போகாதன்னு சொல்ல யாரும் இல்ல.