சூப் கொண்டுவரும் வேஷம்

ஷியாமளா: ...அப்போ சாயங்காலம் நாடக ஒத்திகைக்குப் போகலேங்கிறீங்க?

சேதுமாதவன்: போகலே. கலாஸ், முடிஞ்சுது பேச்சு. இந்த வேக்காட்டுல அப்ரா படகு பிடிச்சு அக்கரை போய்... முடியாதும்மா.

ஷியாமளா: பாவம், பாப்டிஸ்ட் உங்க பேங்க் வரைக்கும் தேடிட்டு வந்து கேட்டிருக்கார்.

சேதுமாதவன்: டிரினிடாட்லேர்ந்து லண்டன் போய், லண்டன்லேர்ந்து துபாய்க்கு நாடகம் போட வந்த பெரிய நடிகர். அவருக்கு கவுன்டர்ல உட்கார்ந்திருக்கிற நான்தான் கிடைச்சேனா?

ஷியாமளா: சூப் கொண்டுவர்ற வேஷக்காரருக்கு மஞ்சள் காமாலையாமே. அவங்க தங்கியிருக்கிறது எங்க ஹோட்டல்லதானே, டெலிபோன் போர்டு முன்னால உட்கார்ந்தா எல்லாம் காதுல விழும்.

சேதுமாதவன்: ஒரே ஒரு வரி. "சூப், சார்." அதுக்கு...

ஷியாமளா: அவர் மட்டும் என்னவாம்? சொந்த ஊர்ல ராஜா வேஷம் கட்டினா, இடம் கிடைக்காம ஜனங்க ஜன்னல்ல தொங்குவாங்களாம். லண்டன் சினிமாவில லிஃப்ட்காரன், டிரைவர், காவல்காரன்...

சேதுமாதவன்: பாதிப் படத்துல குத்துப்பட்டுச் சாகிறவன். அதை விட்டுட்டியே.

ஷியாமளா: டி.வி.ல சமையல்காரனா வந்து சிரிக்க வச்சப்புறம்தான் தெருவில கூட்டம் கூடுதாம். இங்கேயும் அதே சமையல்காரன்.

சேதுமாதவன்: அதான் சொல்றேன். ராஜாவே கரண்டி பிடிக்கிறார். அவருக்குக் கீழே நான் எடுபிடியா?

ஷியாமளா: அலுக்கலையான்னு கேட்டீங்களா?

சேதுமாதவன்: கேட்டேன். "ரொம்ப அலுத்துப்போச்சு. ஒரு வருஷம் வீட்டுல சும்மா உட்கார்ந்து பார்த்தேன். அது இதைவிட அலுப்பா இருந்தது"ன்னார்...

ஷியாமளா: உங்களுக்கு எப்படி இருக்கு?

சேதுமாதவன்: எனக்கென்ன? நான் என்ன நடிகனா?

ஷியாமளா: இல்லையா?

சேதுமாதவன்: ...காபி இருக்கா?

ஷியாமளா: இருக்கு. பதில் சொல்லுங்க.

சேதுமாதவன்: அந்த மனுஷர் எடுத்த எடுப்பிலேயே, "மெட்ராஸ்ல கதாநாயகனா நடிச்சவராமே நீங்க"ன்னார். இந்த ஊர்ல அது யாருக்கும் தெரியாது, ஷியாமளா. உனக்கே...

ஷியாமளா: எனக்கே?

சேதுமாதவன்: சொல்லலே. நாடகக்காரனுக்கு உங்கப்பா பொண்ணு தரமாட்டார்னு தரகர் சொல்லிட்டார். பேங்க் உத்தியோகம், துபாய் வேலை, இதை மட்டும் பேசுங்கன்னார். நான் வேஷம் போட்ட போட்டோவையெல்லாம் எங்கம்மா பரண்ல ஏத்திட்டாங்க. நானும் அன்னியோட விட்டுட்டேன்... கோவமா?

ஷியாமளா: இல்லே.

சேதுமாதவன்: பாப்டிஸ்ட்கிட்ட எந்தப் பாவி சொன்னான்னுதான் தெரியலே.

ஷியாமளா: பாவி இங்கேதான் நிக்கிறா.

சேதுமாதவன்: நீயா? உனக்கு எப்படி...

ஷியாமளா: நீங்க பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடியே மயிலாப்பூர் சபாவில உங்க நாடகத்தைப் பார்த்திருக்கேன். அப்பாவுக்குத் தெரியாம, மூணு தடவை. அன்னிக்குக் கூடத்துல நிமிர்ந்து பார்த்தா, நீங்க! உடனே சரின்னேன். நீங்களே ஒருநாள் சொல்வீங்கன்னு இருந்தேன்... அந்த ஆளைத்தாங்க நான் கட்டிக்கிட்டேன். ஏழு வருஷமா வேற யாரோ டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வர்றார்.