இனிக்கிற மண்

பொழுது சாய்ந்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் விளக்கு வைக்கிற நேரம். தெல்தெனியாவுக்கு மேலே, கோப்பித் தோட்டத்துக்கு ஏறுகிற மாட்டுப்பாதை. ஈ காக்கை இல்லை. சடையன் மட்டும் தலையில் மண் கட்டிய ஒரு துண்டு முடிச்சோடு வருகிறான்...

சடையன் யாரென்றால், என் கூட்டாளி ராஜலிங்கத்தின் பாட்டனாருக்குக் கூடப்பிறந்த அண்ணன். ராஜலிங்கம் சீட்டாட்டத்தில் மட்டும்தான் பொய் சொல்லுவான். இது சீட்டாட்டம் இல்லை. நெருங்கி உட்காருங்கள்.

பாதையோரம் ஒரு சுமைதாங்கிக் கல். சடையனே நட்டது. முதல் பெண்சாதி பேச்சியம்மா நிறைவயிற்றோடு போய்ச் சேர்ந்தாள். அப்படிப் போனவளுக்குக் கல் நடுவது நம் ஆட்கள் வழக்கம். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கினால் அவள் சுமையும் கொஞ்சம் இறங்குமாம்.

சடையனும் முடிச்சை அதில் இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்தான். காற்று நின்றது. ஈரமண் வாசனை... கூடவே அரைத்த மஞ்சள் வாசனை. அப்புறம் அந்தச் சத்தம். நற... நற... யாரோ மண்ணை மெல்லுகிற சத்தம்.

முடிச்சைத் தூக்கினான். கனம் இல்லை. கட்டு அவிழவில்லை. உள்ளே ஒரு பொட்டு மண் இல்லை.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பேச்சி அப்படித்தான் மெல்லுவாள். மசக்கையில் அடுப்பு மண், புற்று மண் எல்லாம் தின்று பார்த்துவிட்டு, கடைசியில் அவளுக்குப் பிடித்தது வெள்ளைக்காரன் குழி மண். தோட்டம் வருவதற்கு முந்தி எவனோ ஒரு துரை வெள்ளி தேடி மலையைக் குடைந்தான். கிடைத்தது ஈயம். துரை போய்விட்டான், வாரிக் கொட்டிய மேடு போகவில்லை. சாம்பல் நிறம். நாக்கில் வைத்தால் இனிக்கும். அவள் கேட்டாள், இவன் ஆசை ஆசையாக அள்ளி வந்தான். அவள் வெளுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மணிக்கட்டு தொங்கிப்போய், கோப்பிப் பழம் பறிக்க முடியாமல் நின்றாள். கடைசியாகக் குளிப்பாட்டும்போது ஈறோரம் மை தீட்டியது போல ஒரு நீலக் கோடு. வெற்றிலைக் கறை என்றார்கள் பெண்கள்.

இப்போது இரண்டாவது பெண்சாதி நல்லம்மாவுக்கு மசக்கை. அவளுக்கும் அதே மண்தான் வேண்டும்.

"எங்க மண்ணு?"

"வழியில... போச்சு."

"போச்சா? செத்தவளுக்குப் படைச்சிட்டு வந்து நிக்கிறீக. உசுரோட இருக்கிறவளுன்னா எளக்காரம்."

மறுநாளும் அப்படியே ஆயிற்று. சடையன் கல்லைக் கட்டிக்கொண்டு கெஞ்சினான்.

"பேச்சி, நீ கேட்டப்ப இல்லேன்னனா? இவளுக்கும் கொஞ்சம் விடு புள்ள."

நற... நற... இன்னும் அவசரமாக மென்றது. இடையிடையே விக்கல், அழுகிறவளுக்கு வருவது போல.

பொறாமை என்று நினைத்தான். வேறென்ன நினைப்பான்? அதன்பிறகு கல் பக்கமே வராமல் ஓடையோரமாகச் சுற்றிப் போனான். மண் பத்திரமாக வீடு சேர்ந்தது. நல்லம்மா தின்றுவிட்டுச் சிரித்தாள். "கருப்பட்டி தோத்துப் போகும் போங்க."

மாதங்கள் போயின. மடவளை ஊர் லாபிர், பொதிமாடு ஓட்டுகிறவர், எல்லோருக்கும் காக்கா, அதாவது அண்ணன், ஓடையோரம் அவனை மறித்தார்.

"முடிச்சுல என்ன தம்பி?"

"குழி மண்ணு காக்கா. பொஞ்சாதிக்கு."

லாபிரின் முகம் மாறியது. "யா அல்லாஹ்... அந்த மேட்டடியில மேஞ்சு எண்ட ரெண்டு மாடு கண் தெரியாமச் சுத்திச் சுத்தி விழுந்து மௌத்தாப் போச்சு. ஈய மண் தம்பி அது. நஞ்சு."

முடிச்சைப் போட்டுவிட்டு ஓடினான். லயத்து வாசலில் பெண்கள் கூட்டம்... யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குளிப்பாட்டும்போது அவனே நல்லம்மாவின் உதட்டை விலக்கிப் பார்த்தான். நீலக் கோடு.

அந்த மண் இவள் வாய்க்குப் போய்விடக் கூடாதென்றுதான் பேச்சி அத்தனையும் தின்று தீர்த்திருக்கிறாள்.

நிறைவயிற்றோடு போன இவளுக்கும் பழைய கல்லுக்கு எதிரே புதுக் கல் நட்டான். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, கொண்டுவந்த குழி மண்ணை இரண்டு கையிலும் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனான். நற... நற... இந்தப் பக்கமும். அந்தப் பக்கமும். கை வெறுமை. மறுபடி அள்ளினான். வெறுமை. அவன் விரல்களை யாரோ ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பிரித்தவர்கள் விட்டுவிட்டார்கள்... சுண்டுவிரல் இரண்டு மட்டும் கதகதவென்று பிடிபட்டே இருந்தன.

சடையன் கிழவனாகித்தான் செத்தான். பொழுது சாய்ந்தால் அந்தப் பாதையில் நடப்பானாம், இரண்டு கையையும் தாழ்த்தி, சுண்டுவிரலை மட்டும் நீட்டிக்கொண்டு. மெதுவாக... ரொம்ப மெதுவாக... சின்னக் கால்கள் எட்டிவைக்கிற அளவுக்கு.