ஒன்பதாவது நகர்வு

— நீ ஜெயிச்சு இருபத்தாறு மணி நேரம் ஆவுது செல்வி. இன்னும் அதே ஆட்டத்த அடுக்கிகினு கீற. தோசை ஆறுது.

— வையிட்டி. நேத்து ஃபேக்டரி கேன்டீன் செஸ் ஃபைனல்ல ஒண்ணு இடிக்கு. சக்திகுமார் மொத எட்டு நகர்வையும் ஒரு நிமிசத்துல ஆடிட்டாரு.

— எங்க லைன் லீடர் அப்டித்தான். புக்க மனப்பாடம் பண்ணிகினு வருவாரு.

— எந்த புக்கு இசை? நாலாவதா ஓரத்துச் சிப்பாயத் தள்ளுனாரு. அது எந்த புக்குலயும் கிடையாது. எனக்குக் கறுப்புக்காய் வந்தா ஆடணும்னு நானா யோசிச்சு நோட்டுல எழுதி வச்சது. நேத்து கறுப்பு அவருக்கு வந்துட்டு.

— உனக்குத் தோணுனது அவருக்குத் தோணக்கூடாதா?

— எட்டும் வரிசையாவா?

— பரிசு குக்கர்ல நாளைக்கு பிரியாணி போடலாம்னு அம்மா சொல்லிகினு கீது.

— நோட்டு இந்த மாடி ரூம்லதான் இருக்கு. சாவி என்கிட்ட ஒண்ணு, கீழ உங்க வீட்டுல ஒண்ணு. நீ குடுத்திருந்தா சொல்லிரு. மறைமலை நகர்ல ஹாஸ்டல் பாத்துப் போயிருதேன். சண்டைலாம் போட மாட்டேன்.

— இன்னாடி, ஜெயிச்சவ பேசற பேச்சா இது?

— ஜெயிச்சதுதான் புரியல. ஒன்பதாவதா பிஷப்ப ஜி-நாலுல வைக்கணும். என் நோட்டுல அப்படித்தான் இருக்கு. அவரு ஒரு கட்டம் முன்னாலயே, எஃப்-அஞ்சுல, என் சிப்பாய் வாயில கொண்டாந்து வச்சாரு. போர்டப் பாக்கக்கூட இல்ல. கை தானா போச்சு.

— நாம லைன்ல போல்ட்டு போடறாப்ல.

— ஆமா. சும்மா வந்த பிஷப்ப எடுத்துக்கிட்டேன். அப்புறம் கால் மணி நேரம் ஃபேனப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. பாவம், மனப்பாடம் பண்ணயில ஒரு வரியத் தப்பாப் படிச்சிட்டாரு போல.

— தப்பால்லாம் படிக்கல.

— அது உனக்கு எப்படிட்டி தெரியும்?

— ஒரு வாரமா கேட்டாரு செல்வி. நோட்ட போட்டோ எடுத்துக் குடு, இல்லன்னா மூணு வாரம் நைட் ஷிப்ட்டுன்னாரு. என் போன்ல கேமரா சரியில்லன்னு சொல்லி, கையால எழுதிக் குடுத்தேன்.

— இசை.

— இரு, முடிக்கல. எனக்கு குதிரை எப்டி போவும்னுகூடத் தெரியாது. எல்லாத்தையும் அப்டியே பாத்து எழுதுனேன். ஒன்பதாவத மட்டும் நான் மாத்திட்டேன்.