அடியில் இரண்டு பெயர்

அகிலன்: ...அதுக்காக பானை செய்யற வீல விக்கணுமா ஃபைஹா?

ஃபைஹா: எடிசன் டவுன்ல ஒரு பொண்ணு கேட்டிருக்கா. சனிக்கிழமை வந்து எடுத்துக்கறாளாம். கராஜும் காலியாகும். எங்க வீட்டுக்காரர் கார் உள்ள நிக்கட்டும்.

அகிலன்: எழில் கண்ண மூடி ஒரு வருஷம். அப்பக்கூட நீங்க ஜாடி செய்யறத நிறுத்தல. இப்ப என்ன திடீர்னு?

ஃபைஹா: சொல்லத்தான் கூப்பிட்டேன். ஒக்காருங்க. பேண்ட்ல களிமண் ஒட்டும், பரவாயில்லையா?

அகிலன்: அவளக் கட்டிக்கிட்ட நாள்லருந்து ஏதாவது ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. உங்க ரெண்டு பேரையும் அந்த மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன் பாருங்க, அதுலதான் ஆரம்பிச்சுது. ஒரு பிரெஞ்சு ஜாடி முன்னாடியே நின்னுட்டீங்க. எனக்கு பார்க்கிங் டிக்கெட்.

ஃபைஹா: அடி தெரியற மாதிரி கீழ கண்ணாடி வச்சிருந்தாங்க. ரெண்டு பேரு இருந்துச்சு. செஞ்சவர் பேரு, வரைஞ்சவர் பேரு. அந்தக் காலத்துல பாரிஸ் பக்கம் குயவரும் ஓவியரும் அப்படிச் சேர்ந்து செஞ்சாங்களாம். காருக்கு நடக்கும்போதே எழில் சொல்லிட்டா... நீ செய்யி, நான் வரையறேன்னு.

அகிலன்: அப்பறம் அந்த வெள்ள கிளேஸ் பூச்சுகிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சா.

ஃபைஹா: சுடறதுக்கு முன்னாடி அது மாவு மாதிரி அகிலன். பிரஷ் பட்ட உடனே குடிச்சிடும். தப்பா இழுத்தா அழிக்க முடியாது... அவ போனப்பறம் நான் ஜாடிங்கள வெள்ளையாவே விட்டுடலாம்னு இருந்தேன். ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து பாக்கறேன், ஷெல்ஃப்ல இருந்த ஜாடியில நீலத்துல ஒரு மீன்கொத்தி. எழிலோட பறவை மாதிரியே.

அகிலன்: ஃபைஹா, அது...

ஃபைஹா: நீங்க. தெரியும்.

அகிலன்: எப்படி?

ஃபைஹா: பிரஷ்ஷெல்லாம் கழுவி அடுக்கியிருந்துச்சு. எழில் என்னிக்குக் கழுவினா?

அகிலன்: அவ கராஜ் சாவி எங்கிட்டயே இருந்துச்சு. நீங்க ஆபீஸ் போற நாளாப் பாத்து வருவேன். அவ ஸ்கெட்ச வச்சே பழகினேன். நீங்க செய்யறத நிறுத்திட்டா அவ முழுசாப் போயிடுவான்னு... ஏன் கேக்கல நீங்க?

ஃபைஹா: கேட்டா வரமாட்டீங்க.

அகிலன்: ஒண்ணுதான் பயமா இருந்துச்சு. பேரு நான் எழுதினதே இல்ல. அவ கையெழுத்தப் பொய்யாப் போட மனசு வரல. ஆனா நீங்க சுட்டுக் குடுக்கற ஜாடியிலெல்லாம் அடியில எழில்னு இருக்கும். ழ-வோட வால இழுத்து விடுவாளே... அதே மாதிரி.

ஃபைஹா: அது நான்.

அகிலன்: நீங்களா?

ஃபைஹா: அவ அனுப்பின பெருநாள் கார்டப் பாத்து எழுதினேன். என் பேரு மட்டும் தனியா இருந்தா பாக்க முடியல.

அகிலன்: நல்ல ஆளுங்க நாம. நான் படம், நீங்க பேரு... தெரியாம நான் எத்தன நாள் தூங்காம கெடந்தேன்.

ஃபைஹா: சிரிக்காதீங்க. இதப் பாருங்க. மெதுவா... இன்னும் சுடல, கை பட்டா உதிரும்.

அகிலன்: அட... இது நீங்கல்ல? வீல் முன்னாடி ஒக்காந்து... பின்னாலருந்து யாரோ பாத்து வரைஞ்ச மாதிரி.

ஃபைஹா: இந்தப் பச்ச ஸ்கார்ஃப் போன வாரம்தான் வாங்கினேன்.

அகிலன்: உங்களுக்கு இவ்வளவு நல்லா வரைய வரும்னு எனக்குத் தெரியாது.

ஃபைஹா: ...எனக்கா?

அகிலன்: பின்ன?

ஃபைஹா: இத நீங்க வரையலையா? பின்னால நின்னு என்னப் பாக்கறீங்கன்னு நெனச்சுத்தான் வீல விக்கறதா இருந்தேன்.

அகிலன்: நான் ஒரு மாசமா டெக்சாஸ்ல கிளையண்ட் ஆபீஸ்ல இருக்கேன். நேத்துதான் வந்தேன். சாவி அங்க என் பையிலதான் இருந்துச்சு. ஃபைஹா, அடியில எழில்னு பேரு இருக்கு. பேராவது நீங்க எழுதினதுதானே?

ஃபைஹா: எழுதலாம்னுதான் திருப்பினேன் அகிலன்... அதுக்குள்ள அவ பேரு இருந்துச்சு, ஈரம் காயாம.