பங்கு பிரிக்கிற நேரம்

— கைக்குட்டைய எடு சார். குடிய வுட வெக்கிற கவுன்சிலரு நீயே மூக்கப் பொத்திக்கினா நான் எப்படி மோந்து பாக்குறது?

— இந்தக் கடற்கரையில மீன் வாடையும் சரக்கு வாடையுமா சேர்ந்து வரதோன்னோ, குமட்டறது ராபர்ட். என்னை விடுங்கோ. குடிக்கணும்ங்கற ஆசை இப்போ பத்துக்கு எத்தனை?

— ஒம்போது சார்.

— அடையாறுல நம்ம சென்டர் ரூம்ல ஆறு தடவை பாட்டிலைத் திறந்து வெச்சுண்டு உட்கார்ந்தோம். ரெண்டுக்கு எறங்கித்தே?

— ரூம்புல மீனு ஏது சார்? எங்க நைனா செத்தத நெனைன்னு சொன்ன. நெனச்சேன். ஒண்ணும் ஆவல. நான் துக்கத்துக்குக் குடிச்சவன் இல்ல. வலை நெறைஞ்சா குடிச்சவன்.

— இதை அப்பவே சொல்லப்படாதோ?

— நீ எங்க கேட்ட? குடிகாரன்னா அழுதுகினேதான் குடிப்பான்னு முடிவு பண்ணிட்ட.

— தப்பு என்னோடதுதான். வெளிநாட்டுப் புஸ்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வெச்சுண்டு, அதுல இருக்கறதையே கேட்டுண்டிருந்தேன். இப்போ சொல்லுங்கோ. அதோ, மீன் பங்கு பிரிக்கறாரே உங்க சிநேகிதர் மண்ணாங்கட்டி, அவர் கையில இருக்கற பாட்டிலைப் பார்த்துண்டே சொல்லுங்கோ.

— வலைய இழுக்கச்சொல்லவே தோளு சொல்லிடும் சார், இன்னிக்கு நல்ல மீன்பாடுன்னு. கரைல கொட்டுனா வஞ்சிரம் துள்ளும். பங்கு பிரிச்ச கையோட, ஈரத்துணியோட நாலு பேரும் குந்துவோம். ஒரே கிளாஸு கை மாறி வரும். ஒருத்தன் வாங்கலன்னா நாளைக்கு மீன்பாடு கெட்டுரும்பாங்க. என் மொறை வரச்சொல்ல... சார், பத்து சார்! நான் போறேன்.

— உட்காருங்கோ. குடிக்கவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். ஏறின அலை எறங்கித்தானே ஆகணும்?

— அலையப் பத்தி நீ எனக்குச் சொல்ற பாரு!

— சிரிக்கறேளே, பேஷ். எத்தனை?

— எட்டு.

— யோவ்! வாட்ச்மேன் டூட்டிக்குப் போவாம இங்க இன்னா பண்ற? எதிர்ல பாட்டிலு வேற!

— கத்தாத ஜான்சி. கூடைய எறக்கு. சார், இது என் பொண்டாட்டி. இவரு ஸ்ரீவத்சன் சாரு, சென்டர்ல கவுன்சிலரு.

— மெட்ராசு பேரு மாறி சென்னை ஆச்சே, அந்த மாசம் குடிய வுட்ட மனுசன் சார். எட்டு மாசமா தொடல. நீயே கூட்டியாந்து பாட்டிலு எதிர்ல குந்த வெப்பியா?

— அவர் குடிக்கலைம்மா. குடிக்காம உட்கார்ந்து பழகறார்.

— நாளைக்கிக் கட்டுமரத்துல ஒரு எடம் கீது மே. மண்ணாங்கட்டி அண்ணன் என்னை வரச் சொல்லிச்சி. கடலுக்குப் போனா கிளாஸும் வரும். தாங்குவனான்னு பாத்துக்கினு கீறோம்.

— தாங்குனியா?

— இன்னா அதிசயம் மே, நாலுக்கு வந்துட்சி.

— பழைய ஞாபகத்தை அழிக்க முடியாது ஜான்சி. அதே எடத்துல, அதே வாசனையில குடிக்காம உட்கார்ந்து, பக்கத்துலயே புதுசா ஒண்ணைப் பதிய வெக்கறோம்.

— சார், அண்ணன் கிளாஸ நீட்டுது.

— நான் பேச மாட்டேன். நீங்களே சொல்லுங்கோ.

— அண்ணே, என் மொறைய நீயே ஊத்திக்கோ. பாடு கெட்டா வந்து என்னைத் திட்டு!

— எத்தனை?

— ரெண்டு. மேரி மாதா சத்தியமா ரெண்டு சார். மனசு அப்படியே லேசா கீது.

— எனக்குக் குமட்டல்கூடப் போயிடுத்து. ரொம்ப சந்தோஷமா இருக்கு ராபர்ட். ஜான்சி, நாளைக்கு அவரைத் தைரியமா கடலுக்கு அனுப்பலாம்.

— அவரு நம்பரு எறங்குச்சி, சந்தோசம் சார். என் நம்பர ஒருத்தரும் கேக்கலியே.

— உங்களுக்கா? எதுக்கு?

— நல்ல பாடுன்னு கரைல கூவுனா ஊரே சிரிச்சிக்கினு ஓடும். நான் மட்டும் புள்ளைங்கள பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்து நிப்பேன், இன்னிக்கு அடி பலமா வுழும்னு. காலைல அந்தக் கூவல் கேட்டுச்சி. எட்டு மாசம் ஆச்சி, பயம் இன்னும் பத்துதான் சார் எனக்கு.

— அண்ணே! நாளைக்குக் கட்டுமரத்துல வேற ஆளப் போட்டுக்கோ! நவுரு சார், ஜான்சி குந்தட்டும். எழுந்து ஓடாத மே. அது எறங்குற வரைக்கும், எத்தினி மாசம் ஆனாலும், நானும் கூடவே குந்திக்கினு கீறேன்.