மூணு கேலக்ஸிக்கும் ஒரே பக்கம் வால்

பொறாமைதான் தம்பி, வேற என்ன? வயித்தெரிச்சல். தலையக் கொஞ்சம் குனிங்க... ம், அப்படியே. ஒரே கிளப்புல இருவது வருஷம். ஒரே கடலணை மேட்டுல நின்னு, ஒரே குளிர்ல பல்லு தந்தியடிச்சிருக்கோம். கடைசில ஒருத்தன் ஒண்ணக் கண்டுபுடிச்சா, "நல்லாருக்கு யெல்லெ"ன்னு ஒரு வார்த்தை வரணுமா இல்லையா? வரல. பதிலுக்கு என்ன வந்துச்சு தெரியுமா? நாளைக்குக் கண்காட்சி. அதுல என் படத்தை மாட்ட முடியாதாம். மாட்ட முடியாதாம்!

ஓ, நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்கு எங்க தெரிஞ்சிருக்கும். சீஸ் ஃபாக்டரிக்குத்தான வந்திருக்கீங்க? திங்கக்கிழமை வேலைல சேரணும்... அப்ப நல்லா சுத்தமா அனுப்பி வைக்கிறேன். பின்னால கொஞ்சம் ஏத்தி வெட்டவா? வேண்டாமா? சரி சரி, உங்க தலை, உங்க இஷ்டம். ஆனா ஏத்தினா நல்லாருக்கும். ஏத்திர்றேன்.

நட்சத்திரம் பாக்கற கிளப்புங்க. ஸ்கேட்டிங் கிளப் கட்டடம் இருக்குல்ல, கால்வாய் ஓரமா, பச்சைக் கதவு? அதுலதான் கூடுவோம். கால்வாய் உறைஞ்சு எத்தனை வருஷமாச்சு, ஸ்கேட்டிங்காரன் எவனும் வர்றதில்ல. நாங்க பதினோரு பேர், ஒரு காபிக் கெட்டில், ஒரு டப்பா பிஸ்கட். ஆளுக்கு ஒண்ணுதான், ரெண்டாவது எடுத்தா தலைவர் டப்பாவ மூடிருவார். பத்து ராத்திரில ஒம்பது ராத்திரி மேகம். மிச்சம் இருக்கற ஒரு ராத்திரில கண்ணாடிக் கொட்டகைல தக்காளி வளக்கறவன் செடிக்கு விளக்கைப் போட்டுருவான், வானம் பூரா ஆரஞ்சுப் பழம். இதுல நாங்க படம் எடுக்கணும். சிரிக்காதீங்க, காது போயிரும்.

கண்ணாடிக்கு மேல பாருங்க. இல்ல, அது விலைப்பட்டியல். அதுக்குப் பக்கத்துல, பெருசா, கறுப்பா, சட்டம் போட்டு... ஆங். என்ன தெரியுது? ஒண்ணும் தெரியலியா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, கொஞ்ச நேரம் பாக்கணும். நடுவுல ரெண்டு பஞ்சு இருக்கா? பஞ்சு இல்ல அது. ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸி. கோடி கோடியா நட்சத்திரம். ரெண்டும் கிட்ட கிட்ட வந்து ஒண்ண ஒண்ணு இழுக்குது. இழுக்கும்போது ஓரத்துல இருக்கறதெல்லாம் பிச்சுக்கிட்டு நீளமா வரும். சூடான சீஸ் ரொட்டியப் பிச்சா நூல் வருமே, அதே கதைதான். அதத்தான் நாங்க வால்னு சொல்றது. இப்ப அந்தப் பஞ்சுக்குக் கீழ, எடது பக்கம், மெல்லிசா, தூண்டில் முள்ளு மாதிரி ஒண்ணு வளைஞ்சிருக்கு பாருங்க. தெரியுதா? அது இதுவரைக்கும் எவன் எடுத்த படத்துலயும் கெடையாது. என்ன என்ன பெரிய பெரிய மலை உச்சில இருக்கற தொலைநோக்கிக்கெல்லாம் கெடைக்காதது, இந்த ஃப்ரீஸ்லாந்து மாகாணத்துல ஒரு முடிவெட்டறவனுக்குக் கெடைச்சிருக்கு. கீழ எழுதியிருக்கேன் பாருங்க, "யெல்லெ வால்". நான்தான் யெல்லெ.

என் குழாய், அதான் தொலைநோக்கி, என்ன பெரிய குழாயா? வாய் அகலம் எட்டே அங்குலம். ஏற்கனவே ஒருத்தன் வச்சிருந்து வித்தது. அதத் திருப்பற மோட்டார் இருக்கே, காபிக்கொட்டை அரைக்கற மாதிரி சத்தம் போடும். பனி விழுந்து கண்ணாடி மங்கினா என்ன பண்ணுவேன் தெரியுமா? இந்தா, இந்த டிரையரத்தான் கொண்டுபோவேன், கார் பேட்டரில மாட்டி ஊதுவேன். ஆட்டுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. மேட்டுல ஆடு மேயும், தெரியும்ல? டிரையரப் போட்டேன்னா அத்தனையும் வந்து குழாய் நிக்கற முக்காலியில சாஞ்சுக்கும். நாலு மணி நேரம் எடுத்த படம் அத்தனையும் ஆட்டம் கண்டுபோகும். ஆட்ட வெரட்டறது ரின்ஸ்கெ வேலை.

யாரா? அவளப் பத்தித்தான சொல்லிட்டிருக்கேன்! பொறாமைக்காரி. படத்த மாட்டக் கூடாதுன்னு கிளப்புல சொன்னதும் அவளாத்தான் இருக்கும். மாட்டு டாக்டருங்க அவ. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தப் பசு கன்னு போட்டாலும் அவதான். மாட்டுகிட்டப் பேசற மாதிரியே மனுஷங்கிட்டயும் பேசுவா, "நில்லு", "திரும்பு", "வாயத் தொற"ன்னு. ஆனா இருவது வருஷமா மேட்டுல எம் பக்கத்துல நின்னது அவ ஒருத்திதான். என் சம்சாரம் டீநெகெ ஒரே ஒரு ராத்திரி வந்தா. காலு மரத்துப்போச்சுன்னு காருக்குள்ள போனவதான். ரின்ஸ்கெ அப்படி இல்ல, ஃப்ளாஸ்கத் தொறந்து எனக்கு மொதல்ல ஊத்திட்டுத்தான் அவ குடிப்பா. சரி விடுங்க, அதெல்லாம் பழைய பேச்சு. தலைய நேரா வைங்க.

ஒழுங்கா எடுக்கறவன் தம்பி நான். சும்மா கேமராவ மாட்டி அமுக்கறவன் இல்ல. இதுல ஒரு விஷயம் இருக்கு, கேளுங்க. வானத்த எடுத்தா மட்டும் போதாது. வெறும் வெள்ளையவும் ஒரு படம் எடுத்து வச்சுக்கணும். எதுக்குன்னா, கண்ணாடில தூசி இருக்கும், ஓரத்துல நிழல் விழும். அது அத்தனையும் அந்த வெள்ளைப் படத்துல கறுப்பா தெரிஞ்சுரும். கம்ப்யூட்டர் என்ன பண்ணும், எங்க கறுப்பு இருக்கோ அங்க அந்த அளவுக்கு வானத்துல வெளிச்சத்த ஏத்திரும். கணக்கு சரியாப் போயிரும். புரிஞ்சுதா? புரியலன்னாலும் பரவால்ல, தலைய ஆட்டாதீங்க.

மத்தவங்க எல்லாம் வெள்ளை பனியனக் குழாய் வாயில இழுத்துக் கட்டி, காலைல வானத்துப் பக்கம் திருப்பி எடுப்பாங்க. ஒவ்வொரு தடவையும்! எவனுக்கு நேரமிருக்கு? நான் ஜனவரி மாசம் இங்க, இதே கடைல, நீங்க உக்காந்திருக்கற இதே நாற்காலில குழாய சாய்ச்சு வச்சேன். இந்த ஜன்னல் வெளிச்சம் மாதிரி சீரான வெளிச்சம் ஊருலயே கெடையாது. உங்க மேல போத்தியிருக்கேனே இதே வெள்ளைத் துணி, அத வாய்ல போத்திக் கழுத்துல கிளிப்பக் கூட மாட்டினேன். அந்த நேரம் பாத்து மளிகைக்கார அம்மா உள்ள வந்தாங்க. "யாரு யெல்லெ, புது ஆளா? ரொம்ப ஒல்லியா இருக்காரே"ன்னாங்க. இங்க போடற சோப்பெல்லாம் அவங்க கடைலதான் வாங்குவேன். அதெல்லாம் கெடக்கட்டும். கேமராவத் தொறந்து உள்ளயும் சுத்தமாத் தொடச்சேன். எல்லாரும் காத்து ஊதற பந்து வச்சு ஊதுவாங்க. எனக்கு எதுக்கு பந்து? கழுத்துல முடி தட்டற இந்த பிரஷ் இருக்கே, பேட்ஜர்ங்கற மிருகத்தோட முடி, பூ மாதிரி. ரெண்டு தட்டு. முடிஞ்சுது. எங்கிட்ட தூசிங்கற பேச்சே கெடையாது. அப்படி எடுத்து வச்ச வெள்ளைப் படந்தான், ஒரு தடவை எடுத்தது ஆயுசுக்கும் போதும்.

எங்க எந்திரிக்கிறீங்க? எடது பக்கம் இன்னும் தொடவே இல்ல. போன் அடிச்சா அடிக்கட்டும், அவசரம்னா மறுபடி அடிப்பாங்க.

அப்புறம் பாருங்க யோகத்த. பிப்ரவரில ஒரு ஜோடி கேலக்ஸி எடுக்கறேன், வால்! மார்ச்சுல வானத்துல வேற எங்கயோ இருக்கற வேற ஜோடி, அதுலயும் வால்! ஏப்ரல்ல இன்னொண்ணு, அதுலயும்! மூணும் கீழ எடது பக்கம், மூணும் இதே வளைவு. அதுக்கு முன்னால பன்னெண்டு வருஷம் எடுத்திருக்கேன், ஒரு வால் மாட்டல. என் குழாய் எடது பக்கம் ரொம்பக் கூர்மைன்னு நெனைக்கிறேன். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு ராசி.

படத்த ரின்ஸ்கெகிட்டதான் மொதல்ல காட்டினேன். வேற யார்கிட்ட காட்டுவேன்? மூணையும் வாங்கிட்டுப் போனா. ரெண்டு நாள் கழிச்சு முடி வெட்டிக்க வந்தா, இங்கதான் உக்காந்தா. நான் பேசிட்டே இருக்கேன், அவ பேசாம இருக்கா. பாதித் தலை வெட்டியாச்சு. அப்பச் சொல்றா, "யெல்லெ, அது வால் இல்ல. உன் வெள்ளைப் படத்தத் திரும்ப எடு."

அவ்வளவுதான் சொன்னா. மாட்டுக்கு என்ன நோயின்னு சொல்ற மாதிரி. எனக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. பத்திரிகைல எழுதற பேப்பர்காரப் பொண்ணுக்குப் போன் பண்ணி ஆச்சு, டீநெகெ ஊர்பூராச் சொல்லி ஆச்சு, சட்டம் போட்டு ஆச்சு. நான் என்ன சொன்னேன்... "மாட்டுக்குப் பின்னால கை விட்டுப் பாக்கறவளுக்கு வானத்தப் பத்தி என்ன தெரியும்?"னு கேட்டேன்.

கடைல ரெண்டு பேர் காத்திட்டிருந்தாங்க. அவங்க சிரிச்சாங்க. அவ துணியக் கழட்டி, மடிச்சு, இந்தக் கைப்பிடி மேல வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பாதித் தலை, தம்பி. ஒரு பக்கம் காது தெரியுது, ஒரு பக்கம் தெரியல. அப்படியே பாலத்தத் தாண்டிப் போயி, அந்தப் பக்கம் நம்பர் சீட்டு எடுத்து உக்காரணுமே ஒரு கடை, அங்க மீதிய வெட்டிக்கிட்டா. மூணு தடவை ஆச்சு, அங்கதான் போறா. ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அவ சைக்கிள் அங்க நிக்குது, இப்பக்கூட நிக்குது, இங்கருந்து பாத்தாத் தெரியும். பாக்கறதில்ல நான்.

அங்க வெட்டறவனுக்கு அவ பின்னந்தலைச் சுழி தெரியுமா? அவ பேசாம இருந்தா அத எப்படி எடுத்துக்கணும்னு தெரியுமா? இந்த வாரம் மேகமே இல்ல, ரெண்டு ராத்திரி. நான் போகல. தனியாப் போயி என்ன பண்றது, ஆட்டோட பேசறதா? மனசு ஒரு மாதிரி இருக்கு, உண்மையச் சொன்னா.

சரி. நாலு மணிக்கு பேப்பர்காரப் பொண்ணு வருது படம் புடிக்க. அது பேப்பர்ல வரட்டும், அப்புறம் பேசிக்கறேன் கிளப்புல. தலையக் குனிங்க, கழுத்துல தட்டி விட்டுர்றேன். எடது பக்கம் அப்புறம். பூ மாதிரி இருக்கும் பாருங்க, பேட்ஜர் முடி. ரெண்டு தட்டு...

...

அசையாதீங்க.

இல்ல, இல்ல, வெட்டல, ரத்தமெல்லாம் இல்ல. துணியப் பாருங்க. மடில. எடது பக்கம். அது உங்க முடி இல்ல, உங்களது கறுப்பு, இது செம்பட்டை. யாரு முடியோ, என்னிக்கு வந்தவங்களதோ. பிரஷ்லருந்து விழுந்துச்சு. மூச்சு விடாதீங்க, பறந்துரும். வளைவப் பாருங்க. தூண்டில் முள்ளு.

மேல படத்தப் பாருங்க.

இப்ப இதப் பாருங்க.

ம்.

கேமராவையும் இந்த பிரஷ்ஷாலதான் தட்டினேன். ரெண்டு தட்டு. உள்ள இதே மாதிரி ஒரு துணுக்கு முடி விழுந்திருக்கு, வெள்ளைப் படத்துல கறுப்பா வந்திருக்கு. அப்புறம் காருல போற வழில குலுங்கி எங்கயோ போயிருச்சு. கம்ப்யூட்டர் பாவம், சொன்னதச் செஞ்சிருக்கு. இல்லாத முடிக்கு வெளிச்சத்த ஏத்தி ஏத்தி... மூணு கேலக்ஸிக்கும் ஒரே பக்கம் வாலு. யெல்லெ வால்! முடிவெட்டறவன் கண்டுபுடிச்சது முடிதான், வேற எதக் கண்டுபுடிப்பான். சிரிங்க தம்பி, தாராளமாச் சிரிங்க. நீங்க எப்பவோ கண்டுபுடிச்சுட்டீங்க, இல்ல? மூணும் ஒரே பக்கம்னு சொன்னப்பவே மூஞ்சி ஒரு மாதிரிப் போச்சு. சொல்லியிருக்கலாம்ல? எங்க... நான் எங்க சொல்ல விட்டேன்.

அவளும் சொன்னா. அவளையும் விடல.

அந்த சீப்பக் குடுங்க. மெதுவா... முடிய இந்தக் காகிதத்துல மடிச்சுக்கறேன். படத்த நானே கழட்டிர்றேன், நாற்காலியத் தள்ளிக்குங்க கொஞ்சம். பேப்பர்காரப் பொண்ணு வந்தா உக்காரச் சொல்லுங்க, வால் இல்லன்னு... வேணாம், நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அத நான்தான் சொல்லணும். மொதல்ல பாலத்துக்கு அந்தப் பக்கம் போறேன். அவ நம்பர் சீட்டோட உக்காந்திருப்பா. இந்த முடியக் காட்டி, நீ சொன்னது சரின்னு சொல்லப் போறேன். மாட்டப் பத்திச் சொன்னதுக்கு மன்னிப்பு அப்புறம்... இல்ல, மன்னிப்பு மொதல்ல. அங்க காத்திட்டிருக்கறவங்க காதுல விழற மாதிரி. இங்க விழுந்துச்சுல்ல, அங்கயும் விழட்டும்.

உங்களுக்கு எடது பக்கம் பாக்கி, தெரியும். துணியக் கழட்டாதீங்க, காபி அங்க இருக்கு, பிஸ்கட் ரெண்டு எடுத்துக்குங்க. பாதித் தலையோட யாரும் எந்திரிச்சுப் போக மாட்டாங்கன்னு அன்னிக்கு நெனச்சேன், அவ போனா. நீங்க போயிராதீங்க தம்பி.